மலைக்கொண்டைப் படம் ஒன்று வேண்டும்: அசலா, பத்திரிகைத் தாளா, மறு அச்சா, பதிவிறக்கமா?

1771-இல் லண்டனில் அச்சான ஒரு படம். நாற்காலியில் ஒரு சீமாட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவள் தலைமுடி கூம்பு மாதிரி மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது. முடி அலங்காரம் செய்பவர் ஏணியில் ஏறி நின்றுதான் உச்சியைத் தொட முடிகிறது. பின்னால் ஒருவர், கடலில் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க மாலுமிகள் வைத்திருக்கும் கருவியைக் கண்ணருகே பிடித்து, அந்த மலைக்கொண்டையை அளந்துகொண்டிருக்கிறார். ஸ்ட்ராண்ட் தெருவில் 39-ஆம் எண் கடை வைத்திருந்த மேத்யூ டார்லி, மேரி டார்லி தம்பதி வெளியிட்ட கேலிப்படம் இது.

இதைக் காட்டினால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இது மாதிரி ஒன்று எனக்கு வேண்டும், எப்படி வாங்குவது? ஃபேஷன் டிசைன் படிக்கும் ஒரு பெண் கேட்டாள், வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் கேட்டார், புது வீட்டுக் கூடத்துச் சுவருக்கு வேண்டும் என்று ஒரு தம்பதி கேட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இந்தப் படங்களைச் சொந்தமாக்கிக்கொள்ள நான்கு வழி இருக்கிறது, நான்கிலும் கைக்கு வருகிற பொருள் வேறு, செலவு வேறு, பிற்பாடு வருகிற தலைவலியும் வேறு.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். 1760-களிலும் 70-களிலும் இத்தாலி வரை சுற்றிவிட்டு வந்த பணக்கார இளைஞர்கள் இங்கிலாந்தில் இறுக்கமான கோட்டு, குட்டித் தொப்பி, பின்கழுத்தில் பெரிய முடிச்சாகக் கட்டிய செயற்கை முடி என்று திரிந்தார்கள், அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் மக்கரோனி. பெண்கள் பக்கம் 1770-களில் முடி உயரத் தொடங்கியது. உள்ளே கம்பளியோ குதிரைமுடியோ திணித்த மெத்தை, மேலே விலங்குக் கொழுப்பில் செய்த பூச்சு, அதற்கு மேல் மாவுப்பொடி. பிரான்சில் அரசி மரி அந்துவானெத்தின் தலை அலங்காரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அவருடைய தாய் மரியா தெரேசா 1775 மார்ச்சில் கடிதமே எழுதினார். அடியிலிருந்து 36 அங்குல உயரம், அதற்கு மேல் இறகும் நாடாவும் என்கிறார்களே என்று அந்தத் தாய் கவலைப்படுகிறார். லண்டனில் டார்லி கடை 1771 முதல் 1773 வரை மக்கரோனிப் படங்களை 24, 24-ஆகச் சேர்த்து ஆறு தொகுதிகள் போட்டது. பொதுவாக இந்த மாதிரிப் படத்துக்கு அன்று விலை, வண்ணம் இல்லாமல் ஆறு பென்ஸ், கையால் வண்ணம் தீட்டினால் ஒரு ஷில்லிங், அதாவது இரண்டு மடங்கு. கடை ஜன்னலில் மாட்டியிருப்பதைக் காசு கொடுக்காமல் நின்று பார்த்துச் சிரித்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர், அந்தக் கூட்டத்தையே 1772-இல் ஒரு படமாக வரைந்து அதே கடை விற்றிருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, எதற்காக வேண்டும் என்பது. சுவரில் மாட்டவா, உட்கார்ந்து படிக்கவா, வகுப்பில் கையில் கொடுத்துக் காட்டவா, பரிசாகவா. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டாலே பாதி முடிவு ஆகிவிடும், ஆனால் பலரும் விலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது, கோடு எவ்வளவு கூர்மையாக வேண்டும். இந்தப் படங்களின் நகைச்சுவை பெரும்பாலும் நுணுக்கமான இடத்தில் ஒளிந்திருக்கும். 1777-இல் டார்லி போட்ட 'பூந்தோட்டம்' என்ற படத்தில் அந்தப் பெண்ணின் தலைமேல் ஒரு முழுத் தோட்டமே இருக்கிறது, பாத்தி பாத்தியாக. தேய்ந்த தகட்டில் எடுத்த அச்சிலோ மங்கலான பதிவிறக்கத்திலோ அது வெறும் பச்சைத் திட்டு.

மூன்றாவது, கையில் இருப்பது என்ன என்று உறுதியாகச் சொல்ல முடியுமா. நான்காவது, மொத்தச் செலவு: படத்தின் விலை, அனுப்புகூலி, சுங்கம், ஃப்ரேம், அப்புறம் வருஷா வருஷம் அதைக் காப்பாற்றும் கவலை. கடைசியாக, நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் விற்க முடியுமா. இது எல்லோருக்கும் தேவைப்படாது, ஆனால் அசல் வாங்குகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

## அசல்: அந்தக் காலத்துத் தாளே

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. 1772-ஆம் வருஷத்து டார்லி மக்கரோனி, சின்னது, அச்சான பகுதி ஏறக்குறைய 18 செ.மீ.க்கு 12 செ.மீ. இருக்கும். ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, ஒரு மூலையில் பழுப்பு, அதனால்தான் எனக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது. அதை முதல் தடவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். படத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பள்ளம், ஈரத் தாளைத் தாமிரத் தகட்டின்மேல் வைத்து அச்சு உருளையில் அழுத்தியதன் தடம். தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் இரண்டரை செ.மீ. போல இடைவெளி விட்டு நேர்க்கோடுகள், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமாக மெல்லிய கோடுகள். கம்பி வலையில் வடித்துக் கையால் செய்த தாள். விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் கறுப்பு மை தாளின்மேல் துளி மேடாக நிற்பது தெரியும். மேலங்கியின் சிவப்பு ஓரிடத்தில் வரைகோட்டைத் தாண்டிக் காலுறை வரை வழிந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் தீட்டும் அவசரத்தில் தூரிகையை ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டார், அந்தக் கை அசைவு 250 வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காக நான் அசலுக்கு வாதாடுவேன்.

அடியில் சின்ன எழுத்தில் வெளியீட்டு வரி: ஸ்ட்ராண்ட் 39, டார்லி, சட்டப்படி வெளியிட்டது, தேதி. இது அலங்காரத்துக்குப் போட்டது அல்ல. 1735-இல் ஹோகார்த் என்ற லண்டன் ஓவியர் முன்நின்று வாங்கிய சட்டப்படி, தகட்டில் உரிமையாளர் பெயரும் தேதியும் இருந்தால்தான் படத்தைத் திருட்டு அச்சிலிருந்து காக்க முடியும். நமக்கு அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஓரம் வெட்டும்போது இந்த வரியையும் சேர்த்து வெட்டிவிட்ட பிரதிகள் நிறைய உண்டு, அவை மலிவாக வரும். அழகுக்காக மட்டும் என்றால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். டார்லி தொகுதிகளில் இருந்து வந்த தாள் என்றால் மேல் மூலைகளில் தொகுதி எண்ணும் பட எண்ணும் இருக்கும், அதையும் பாருங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிரிட்டிஷ் மியூசியம் பட்டியல் எண் என்ன என்பது. அங்கே உள்ள நையாண்டிப் படங்களுக்கு விரிவான பட்டியல் ஒன்று உண்டு, 1771 முதலான படங்களுக்குரிய தொகுதிகளை டோரத்தி ஜார்ஜ் என்ற அறிஞர் 1935 முதல் 1954 வரை உழைத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு படத்திலும் யார் இருக்கிறார், எதை வைத்துக் கேலி என்று எழுதியிருப்பார். அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருக்கிற வியாபாரிக்குத் தான் விற்பது என்னவென்று தெரியும்.

விலையைப் பற்றி: பெயர் தெரியாத ஒரு சின்ன மக்கரோனி சில நூறு பவுண்டுக்குள் முடியும், நல்ல வண்ணத்தோடு இருக்கும் புகழ்பெற்ற பெரிய கொண்டைப் படங்கள் ஆயிரத்தைத் தாண்டும். 1776-இல் வந்த 'பங்கர் ஹில்' கொண்டை அந்த ரகம். முந்தைய வருஷம் அமெரிக்காவில் நடந்த போரை அப்படியே ஒரு பெண்ணின் முடிமேல் ஏற்றி, கோட்டை, பீரங்கி, கொடி எல்லாம் வைத்த படம், அதை அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் தேடுகிறார்கள்.

மறைமுகச் செலவு என்றால் முதலில் ஃப்ரேம். என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய மகிழ்ச்சியில் பக்கத்துத் தெருக் கடையில் கொடுத்தேன், விளக்கமாக எதுவும் சொல்லவில்லை. அவர் வழக்கமாகக் கல்யாணப் புகைப்படத்துக்குச் செய்வது மாதிரியே தாளின் பின்பக்கம் மேல் ஓரத்தில் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நான் சொல்லியிருக்க வேண்டும். அதைப் பிரித்தெடுக்கத் தாள் சீரமைப்பு தெரிந்த ஒருவரைத் தேடிப் போனதில், படத்தின் விலையில் பாதி கரைந்தது. அமிலம் இல்லாத அட்டை, படத்தை அட்டையோடு பிடிக்க மாவுப்பசையும் ஜப்பானியத் தாளும் வைத்த கீல், கண்ணாடி தாளைத் தொடாத இடைவெளி, இவை மூன்றையும் எழுதிக் கொடுத்து, எதிரே நின்று செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் வெளிச்சம். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும், போன நிறம் திரும்பி வராது. அருங்காட்சியகங்கள் இந்த மாதிரித் தாளுக்கு 50 லக்ஸ் என்ற மங்கல் வெளிச்சத்தைத்தான் வைத்துக்கொள்கின்றன. நம் ஊர்க் கூடத்தில் பகலில் வருகிற வெளிச்சம் அதைப்போலப் பல மடங்கு. ஈரப்பதம் இன்னொரு பிரச்சினை. கடற்கரை ஊரில் இருந்தால் பழுப்புப் புள்ளி விழும், ராமபாணப் பூச்சிக்கு அந்தக் காலத்துத் தாளில் இருக்கும் பசை ரொம்பப் பிடிக்கும். ஆக, அசல் வாங்குகிறவர் அதை நிரந்தரமாகச் சுவரில் மாட்டக் கூடாது. என்னுடையது பெட்டியில் இருக்கிறது, வருஷத்தில் சில வாரம் மட்டும் வெளியே வரும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தொல்பொருளாகப் பார்க்கிறது, தொல்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. வாங்கிக் கொண்டுவந்துவிட்டு, பிறகு லண்டன் ஏலத்தில் விற்றுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், வாங்குவதற்கு முன்பே தொல்லியல் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கத்தில் அசல் செதுக்கு அச்சுகளுக்கு 9702 என்று தனித் தலைப்பு உண்டு, விற்பவர் பார்சல் சீட்டில் அதைக் குறிப்பிட்டால் வெறும் அச்சிட்ட காகிதம் என்றோ வேறு ஏதோ என்றோ குழப்பம் வராது. லண்டனிலோ டொரண்டோவிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே இருப்பவர்கள் ஏலத்தில் நேரில் பார்த்துத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம், அந்த வசதியை வீணாக்காதீர்கள்.

யாருக்கு ஏற்றது: தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, சின்னது ஒன்று போதும் என்கிறவர்களுக்கு, குறை இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளும் மனம் உள்ளவர்களுக்கு.

## பத்திரிகைத் தாள்: மலிவான அசல்

அந்தக் காலத்து மாதப் பத்திரிகைகளும் மக்கரோனிக் கேலியை விடவில்லை. 1772-73-இல் மக்கரோனி என்ற பெயரையே தலைப்பில் வைத்து ஒரு நாடகப் பத்திரிகை வந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் மேகஸின், லண்டன் மேகஸின் போன்றவற்றிலும் இடையிடையே படத் தாள் வைத்துத் தைத்தார்கள். இவையும் தாமிரத் தகட்டு அச்சுதான், அதே வருஷம்தான், விலை மட்டும் வெகு குறைவு. பெரும்பாலும் வண்ணம் இருக்காது, மடித்த தடம் இருக்கும், அளவும் சிறியது.

வண்ணம் இல்லாததே ஒரு விதத்தில் நல்லது, வெளுக்க ஒன்றுமில்லை. ஆனால் வியாபாரிகளில் சிலர் பிற்பாடு வண்ணம் தீட்டி விலையை ஏற்றுவதுண்டு. மடிப்பின் பிளவுக்குள் நிறம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பு வந்த பிறகு பூசிய நிறம் அந்த வெடிப்பில் தேங்கி அடர்த்தியாகத் தெரியும், புதிதாக இருந்தபோதே பூசியது என்றால் மடிப்பு நிறத்தை உடைத்துக்கொண்டு போயிருக்கும்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு தாளும் ஒரு தைத்த தொகுதியிலிருந்து பிரித்தெடுத்தது. முழுதாக விற்றால் கிடைக்கும் பணத்தைவிடத் தாள் தாளாகக் கிழித்து விற்றால் அதிகம் என்பதால் நல்ல தொகுதிகளை இன்றும் பிரிக்கிறார்கள். படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அதை விளக்கும் கட்டுரை இருந்திருக்கும், அதைக் குப்பையில் போட்டுவிட்டு படம் மட்டும் நமக்கு வருகிறது. எப்போதோ பிரிந்து தனியாக நிற்கிற தாளை வாங்குங்கள். "நேற்றுத்தான் பிரித்தோம், இன்னும் பத்து இருக்கிறது" என்று சொல்லும் இடத்தில் வாங்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு இதுதான் என் பரிந்துரை. வகுப்பில் ஒரு உறைக்குள் போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம், 1772-ஐ அவர்கள் கையில் பிடித்துப் பார்க்கட்டும். அப்படி ஒரு பொருளைப் பிடித்த பிள்ளை, புத்தகத்துப் படத்தைப் பார்த்த பிள்ளையைவிட அதிகமாகக் கேள்வி கேட்கும்.

## மறு அச்சு: பழைய தகடு, புதிய தாள்

தாமிரத் தகடு கலைஞன் இறந்த பிறகும் இருக்கும். யார் கைக்குப் போகிறதோ அவர் திரும்ப அச்சடிக்கலாம். ஹோகார்த்தின் தகடுகள் அவர் மனைவி ஜேன் காலம் வரை வீட்டில் இருந்தன, 1790-இல் பாய்டெல் என்ற பதிப்பாளர் அச்சடித்தார், 1822-இல் ஹீத் என்ற செதுக்குக் கலைஞர் பழுதுபார்த்து மறுபடி அச்சடித்தார். ஜேம்ஸ் கில்ரே என்ற கேலிப்பட ஓவியரின் தகடுகள் ஹென்றி போன் என்ற பதிப்பாளர் கைக்குப் போய் 1850-ஐ ஒட்டிப் பெரிய தொகுப்பாக வந்தன. போன் பதிப்பை அடையாளம் காண்பது சுலபம்: தடித்த தாள், இரண்டு பக்கமும் படம், மூலையில் எண்.

ஆக இதில் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மலைக்கொண்டை வேண்டும் என்றால் இந்த வழி உங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது. நான் பார்த்தவரை டார்லி படங்களுக்கு இப்படிப் பரவலான மறு அச்சு கிடையாது. ஹோகார்த் கேலி செய்தது அதற்கு முந்தைய தலைமுறையை. 1761-இல் கிரேக்கத் தூண்களுக்கு வகை பிரிப்பது மாதிரி செயற்கை முடிகளை ஐந்து வகையாகப் பிரித்து வரைந்த படம் ஒன்று உண்டு. கில்ரே அதற்குப் பிந்தையவர். 1794-இல் அவர் வரைந்த ஒரு படத்தில் மேட்டுக்குடி ஒல்லிப் பெண்ணும், அவளைப் பார்த்து அதே இறகும் அதே உடையும் போட்டுக்கொண்ட வணிகர் தெருத் தடித்த பெண்ணும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். மறு வருஷமே பிரிட்டனில் முடிக்குப் போடும் பொடிக்கு வருஷத்துக்கு ஒரு கினி (ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும்) வரி போட்டார்கள், அத்தோடு பொடி போட்ட தலைகள் குறைந்துவிட்டன.

மறு அச்சின் பலம், கில்ரேயின் கோட்டைப் பெரிய அளவில், குறைந்த பணத்தில், உண்மையான தகட்டு அச்சாகவே பார்க்கலாம். பலவீனம், கோடு கொஞ்சம் தேய்ந்திருக்கும், வண்ணம் இருக்காது, இருந்தால் பிற்காலத்தில் தீட்டியது. ஒரு பக்கத்தை மாட்டினால் மறுபக்கம் மறைந்துபோகும். முக்கியமான ஆபத்து, விற்கும்போது தகட்டில் உள்ள 1794 என்ற தேதியை மட்டும் சொல்லி, அச்சடித்தது 1850 என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவது. தகட்டின் தேதி வேறு, தாளின் தேதி வேறு. "இந்தத் தாள் எப்போது அச்சானது?" என்று எழுத்தில் கேளுங்கள்.

பிரெஞ்சுப் பக்கத்திலும் இதே கதை. 1778 முதல் 1787 வரை எஸ்னோ, ரபிலி என்ற இருவர் பாரிஸில் வெளியிட்ட பெரிய உடை அலங்காரப் படத்தொடர் ஒன்று உண்டு, அதை 1911-14-இல் எமில் லெவி மறுபதிப்பாகப் போட்டார். நல்ல வேலைப்பாடு, நூறு வருஷத்துக்கு மேல் பழையதும்கூட, பார்த்தால் பழசாகவே தெரியும். 1778 என்று நினைத்து வாங்கினால் நஷ்டம், 1912 என்று தெரிந்து வாங்கினால் நல்ல பொருள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். தலையில் முழுக் கப்பலைச் சுமந்து நிற்கும் அந்தப் பிரெஞ்சுப் படம் எல்லோருக்கும் தெரியும், 1778 ஜூனில் ஆங்கிலேயக் கப்பலோடு மோதிய பெல் பூல் என்ற போர்க்கப்பலின் பெயரில் வந்த அலங்காரம். அதில் எது வெற்றிக் கொண்டாட்டம், எது வியாபார விளம்பரம், எது கேலி என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. லண்டன் படங்களில் கேலி வெளிப்படை, பாரிஸ் படங்களில் பல அப்படி இல்லை. கேலிதான் வேண்டும் என்றால் லண்டன் பக்கம் தேடுங்கள்.

## பதிவிறக்கம்: அருங்காட்சியகத்திலிருந்து உங்கள் சுவருக்கு

இதை இலவசம் என்பதால் இரண்டாம் தரம் என்று நினைக்காதீர்கள். படத்தைப் படிப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. என்னிடம் அசல் இருந்தும், அந்த மக்கரோனியின் வாட்கைப்பிடியில் தொங்கும் குஞ்சத்தைத் திரையில் பெரிதாக்கித்தான் முதலில் கவனித்தேன்.

எங்கே எடுப்பது என்பதில் உரிமை வித்தியாசம் இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017 முதல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தருகிறது, விற்கக்கூடச் செய்யலாம். 'பூந்தோட்டம்' அங்கே இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் விண்ட்சர் அரண்மனையிலிருந்து 1921-இல் வாங்கிய பெரிய பிரிட்டிஷ் கேலிப்படத் தொகுப்பு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வால்போல் நூலகம் இந்தத் துறைக்கென்றே பெயர் பெற்றது. பிரிட்டிஷ் மியூசியத்தில் விளக்கம் மிக விரிவாக இருக்கும், ஆனால் படம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்: வீட்டில் மாட்டலாம், டீ-ஷர்ட்டில் போட்டு விற்கக் கூடாது. விளக்கத்தை அங்கே படித்து, படத்தை மெட்ரோபாலிடனிலோ காங்கிரஸ் நூலகத்திலோ எடுப்பது என் வழக்கம்.

அச்சடிக்கும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள். ஏ3 தாளில் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கும் தரத்துக்கு 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஏ4-இல் அடியுங்கள், பெரிதாக்கிக் கெடுக்க வேண்டாம். எப்படியும் அசலே சின்னதுதான், சுவர் நிறைய வேண்டும் என்று இரண்டடிக்கு ஊதினால் செதுக்கிய கோடு கயிறு மாதிரி ஆகிவிடும். பளபளக்கும் போட்டோத் தாள் வேண்டவே வேண்டாம். பருத்தியில் செய்த மங்கல் தாள், பிக்மென்ட் மை, இரண்டும் உள்ள கடையில் கேளுங்கள். பழைய தாளின் மஞ்சள் பின்னணியை வெள்ளையாக்கச் சொல்லாதீர்கள், பொடி போட்ட முடியின் வெளுப்பு அந்தப் பழுப்புக்கு எதிரேதான் எடுப்பாகத் தெரியும்.

மறைமுகச் செலவு அதிகம் இல்லை. நல்ல தாள், நல்ல மை, ஃப்ரேம், அவ்வளவுதான். வெளுத்தால் மறுபடி அடிக்கலாம், வெயில் படும் சுவரிலும் மாட்டலாம். விற்றால் ஒன்றும் கிடைக்காது.

ஆனால் இதே பொருளை, யாரோ பதிவிறக்கி அடித்து "விண்டேஜ்" என்று போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. செதுக்கு அச்சில் கோடு கோடாகவே இருக்கும், நிறம் குளமாகத் தேங்கி ஓரம் அடர்ந்திருக்கும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | அசல் | பத்திரிகைத் தாள் | மறு அச்சு | பதிவிறக்கம் |
|---|---|---|---|---|
| மலைக்கொண்டைப் படம் கிடைக்குமா | கிடைக்கும் | ஓரளவு | அரிது | ஏராளம் |
| கோடு, வண்ணம் | கூர்மை, கைவண்ணம் | கூர்மை, வண்ணமில்லை | சற்றுத் தேய்வு | கோப்பைப் பொறுத்தது |
| செலவு | அதிகம் | குறைவு | நடுத்தரம் | மிகக் குறைவு |
| மறைமுகச் செலவு | ஃப்ரேம், சுங்கம், பாதுகாப்பு | மடிப்புச் சீரமைப்பு | பின்பக்கம் மறைவது | தாள், மை |
| வெயில் சுவர் | கூடாது | கூடாது | கூடாது | மாட்டலாம் |
| திரும்ப விற்க | முடியும், சட்டம் பார்த்து | கொஞ்சம் | கொஞ்சம் | இல்லை |

## நான் என்ன சொன்னேன்

ஃபேஷன் படிக்கும் பெண்ணுக்குப் பதிவிறக்கம்தான் என்று சொன்னேன், அதுவும் ஒன்றல்ல, ஐம்பது. அவளுக்குத் தேவை ஒப்பிட்டுப் பார்ப்பது. கூடவே இன்னொன்றும் சொன்னேன்: கேலிப்படத்தை உடைக்குச் சான்றாக எடுக்காதே. உயரத்தை ஊதிப் பெருக்கினால்தான் படம் விற்கும், அதனால் அன்றைக்கு மிஞ்சியிருக்கும் உடைகளையும் ஓவியங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள். கேலிப்படம் சொல்வது அவர்கள் என்ன உடுத்தினார்கள் என்பதைவிட, அதைப் பார்த்து யாருக்கு ஏன் கோபம் வந்தது என்பதை. பெண்களின் தலைக்கு விழுந்த அடி அதிகம் என்பதையும் அவள் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், கவனித்துவிட்டாள்.

ஆசிரியருக்கு ஒரு பத்திரிகைத் தாள், கூடவே 'இதுவா என் மகன் டாம்?' என்ற 1774-ஆம் வருஷத்துப் படத்தின் பதிவிறக்கம். பட்டணத்துக்கு வந்த குடியானவத் தகப்பன் மகன் தலையில் நிற்கும் கோபுரத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார். வகுப்பில் அதற்கு எந்த விளக்கமும் தேவைப்படாது, ஒவ்வொரு பிள்ளையும் தன் அப்பா சொன்னதைச் சொல்லும்.

புது வீட்டுத் தம்பதி அசல்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தார்கள். கூடம் மேற்குப் பார்த்தது, மாலை வெயில் நேரே சுவரில் அடிக்கும். அந்தச் சுவருக்கு 'பூந்தோட்டம்' ஏ3-இல் அடித்துக்கொள்ளுங்கள், மிச்சப் பணத்தில் ஓரம் வெட்டுப்பட்ட சின்ன மக்கரோனி ஒன்று வாங்கி அலமாரியில் வையுங்கள் என்றேன். இப்போது விருந்தாளி வந்தால் முதலில் சுவரைக் காட்டுகிறார்கள், காப்பி குடித்து முடித்த பிறகு கையைத் துடைத்துவிட்டு அந்தப் பெட்டியைத் திறக்கிறார்கள்.